தனியாகத் தூக்கி நிறுத்த முடிந்த வண்டி

ரேலீன் பாஸ்கோ தன் ஐம்பத்திரண்டாவது வயதில் மோட்டார் சைக்கிள் பழகப் போகிறேன் என்று சொன்னபோது ஊரில் ஒருவரும் நம்பவில்லை. வயது ஒரு காரணமே இல்லை. நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஊரில் எழுபது வயதுக்காரர்கள் டிராக்டர் ஓட்டுகிறார்கள், படகு ஓட்டுகிறார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் ரேலீன் பத்தொன்பது வருடமாக எங்கள் ஆம்புலன்ஸில் சம்பளம் வாங்காத தொண்டர். இந்தக் கடற்கரைச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவர்களில் பாதிப்பேரை அள்ளி எடுத்த கைகள் அவளுடையவை. பைக் வாங்கப் போகிறேன் என்று யாராவது கடையில் வாய்விட்டால், "வாங்கு, வாங்கு. உன் ரத்த குரூப் என்னன்னு மட்டும் இப்பவே சொல்லிட்டுப் போ" என்பாள்.

அவள் பிறந்தது டுவாடபெரியில், மரம் அறுக்கும் ஆலைக்குப் பக்கத்து வீட்டில். ஐந்து பிள்ளைகளில் மூன்றாவது. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு மீன் வெட்டும் கொட்டகைக்குப் போனாள். இருபதில் கிரேமைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தாள். கிரேம் சிங்கிறால் பிடிப்பவர். பேச்சைவிட மௌனம் அதிகம், அந்த மௌனத்துக்கு நடுவே திடீரென்று ஒரு கிண்டல் வரும். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் சுரங்க வேலை பார்க்கிறான். அவளுடைய அப்பா தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டும்போது மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சுற்றி நின்ற ஆறு பேரில் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த ஆறு பேரில் ரேலீனும் ஒருத்தி. அடுத்த மாதமே ஆம்புலன்ஸ் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். பகலில் இரும்புச் சாமான் கடையில் வேலை, இடுப்பில் எந்நேரமும் அழைப்புக் கருவி.

நான் இந்த ஊர் மருந்துக்கடைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. ஆம்புலன்ஸில் அவளோடு பதினொரு வருடம். பெரும்பாலும் நான் வண்டி ஓட்டுவேன், அவள் பின்னால் நோயாளியோடு இருப்பாள்.

அந்த பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், நல்ல வெயில். அழைப்பு வந்தபோது அவள் என் கடையில்தான் இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள். ஊரைத் தாண்டி, சாலை கடலைப் பார்க்கத் திரும்பும் வளைவில் விபத்து. போய்ச் சேர எங்களுக்கு ஒன்பது நிமிடம்.

விழுந்து கிடந்தவன் ராவிரி. பத்தொன்பது வயது. மின்வேலை பழகிக்கொண்டிருந்தவன். முந்தைய மாதம்தான் என் கடையில் பழுதான சுவிட்சை மாற்றிக் கொடுத்து, பதிலுக்கு ஒரு பாக்கெட் மிட்டாய் வாங்கிக்கொண்டு போனான். பழகுநர் உரிமம் எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவனுக்கென்று இருநூற்றைம்பது சிசியில் ஒரு சின்ன நீல வண்டி உண்டு, பந்தய வண்டி போல முன்னால் கூர்மையான வடிவம். அதைத் துடைப்பதும் ஓட்டுவதுமாகவே ஊர் அவனைப் பார்த்திருக்கிறது. அன்றைக்கு அவன் ஓட்டியது அதை அல்ல. பக்கத்து நகரமான இன்வர்கார்கிலிலிருந்து வந்த நண்பனின் ஆயிரம் சிசி வண்டி. பழகுநர் தொடவே கூடாத வண்டி. ஒரே ஒரு சுற்று என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். வளைவில் மரலாரிகள் சிந்திய சரளைக்கல் கிடந்தது.

வெளிக்காயம் அதிகம் இல்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. ரேலீன் அவன் வயிற்றில் கை வைத்தாள். அது பலகை மாதிரி இறுகிக்கொண்டு வந்தது. உள்ளே ரத்தம் கசிகிறது. வழியிலேயே கேட்டிருந்த ஹெலிகாப்டருக்கு நான் மறுபடியும் பேசினேன். இன்னும் இருபது நிமிடம் என்றார்கள்.

"ராவிரி, என்னைப் பாரு. எங்கடா வலிக்குது?"

"வலியெல்லாம் இல்ல, ரேலீன்." குரல் தெளிவாகத்தான் இருந்தது. "பைக்குக்கு ஒண்ணும் ஆகலையே?"

பைக் இரண்டு துண்டாகப் புதருக்குள் கிடந்தது. "ஒண்ணும் ஆகலடா. நல்லா இருக்கு" என்றாள்.

"அப்பாடா" என்று சொல்லி அவன் கண்ணை மூடினான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நாங்கள் செய்யவேண்டியதையெல்லாம் செய்தோம். ஹெலிகாப்டர் சத்தம் மலைக்கு அந்தப்பக்கம் கேட்கத் தொடங்கியபோது, இனி அதற்கு அவசரமில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அவன் அம்மா மெரியானா மீன் ஆலையிலிருந்து அப்படியே வந்துவிட்டாள். வெள்ளை ரப்பர் பூட்ஸ், தலையில் வலை, இடுப்பில் பிளாஸ்டிக் ஏப்ரன். தகப்பன் இல்லாமல் தனியாக வளர்த்த பிள்ளை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் நெற்றியோடு தன் நெற்றியையும் மூக்கோடு மூக்கையும் வைத்து வெகுநேரம் இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி ரேலீனைக் கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னான்?"

ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகியிருக்காது. "உன்னைத்தான் கேட்டான், மெரியானா" என்றாள் ரேலீன். "அம்மா எங்கன்னு கேட்டான்."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸைக் கொண்டுவந்து கழுவும்போது, "நீ சொன்னது நல்லதுதான். நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றேன்.

"வாயை மூடு, குகன்" என்றாள். அதற்கு முன்னால் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

மராயில், அவர்களுடைய மாவோரி குலத்தின் பொதுக்கூடத்தில், மூன்று நாள் அவனைக் கிடத்தியிருந்தார்கள். நாங்களும் போனோம். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள், திட்டினார்கள், பாடினார்கள். திட்டியது பிணத்தைத்தான், அது அவர்கள் வழக்கம். இப்படிப் போய்விட்டாயே என்று முகத்தைப் பார்த்தே திட்டினார்கள். மூன்றாவது நாள் மெரியானா எழுந்தாள். "என் பிள்ளை என்னைக் கேட்டுட்டுத்தான் போயிருக்கான்" என்றாள். "பத்தொன்பது வயசு ஆம்பளை. மீசை வச்சவன். கடைசி நேரத்துல அம்மா எங்கன்னு கேட்டிருக்கான். எனக்கு இது போதும்." கூடம் முழுக்க அழுதது. ரேலீன் எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனாள். அந்த வாக்கியம் அதன்பிறகு ஊரில் எல்லார் வாயிலும் இருந்தது. தபால் நிலையத்தில் ஒருத்தி அதை என்னிடமே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் மெரியானாவின் வீட்டார் வழக்கமாகத் தெற்கே உள்ள தீவுகளுக்கு, பரம்பரை உரிமையாகக் கடற்பறவைக் குஞ்சு பிடிக்கப் போவார்கள். அந்த வருடம் போகவில்லை. அதே ஏப்ரலில்தான் ரேலீன் சாலை விதிப் புத்தகத்தை என் கடை மேசைமேல் போட்டாள்.

"மோட்டார் சைக்கிள் பகுதி. நீ கேள்வி கேளு, நான் பதில் சொல்றேன்."

"எதுக்கு?"

"உரிமம் எடுக்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கடையில் வேறு யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பத்தொன்பது வருஷத்துல எத்தனை பேரு அதையே கேட்டிருக்காங்க தெரியுமா? காலு ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கும். 'பைக் எப்படி இருக்கு'ம்பான். எலும்பு வெளிய நிக்கும். 'பைக்கை யாராவது நிமித்தி வைங்க'ம்பான். எல்லாம் முட்டாப் பசங்கன்னு நினைச்சேன். ராவிரி முட்டாள் இல்ல, குகன். அவன் கேட்டது எனக்குப் புரியல. புரியாததாலதான் அவன் அம்மாகிட்ட சொல்ல முடியாம போச்சு. அதுல அப்படி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

கிரேமிடம் இதைச் சொன்னபோது நானும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் பொரித்த மீனை முழுதாகத் தின்று முடித்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

"விழுந்தா யாரைக் கூப்பிடறது? ஆம்புலன்ஸே நீதானே."

"குகன் வருவான்."

"அவன் ஓட்டற ஓட்டுக்கு நீ நடந்தே ஆஸ்பத்திரி போயிடலாம்." பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கோயேன். கூடை வச்சது. ரொட்டி வாங்கப் போகலாம்" என்றார்.

"ஸ்கூட்டர்ல போறவன் யாரும் ஸ்கூட்டர் எப்படி இருக்குன்னு கேட்டதில்ல, கிரேம்."

கிரேம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எழுத்துத் தேர்வில் ஒரு கேள்விகூடத் தப்பவில்லை. ஆனால் வண்டியைக் கையாளும் தேர்வு வேறு. இன்வர்கார்கிலில் ஒரு காலி வாகன நிறுத்துமிடத்தில் கூம்புகளை வைத்துப் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவள் கெல்சி என்ற இருபத்தாறு வயதுப் பெண். வண்டியும் அவளுடையதே. முதல் நாள் ரேலீன் ஏழு முறை இன்ஜினை நிறுத்தினாள். எட்டாவது முறை கூம்பின்மேலேயே ஏறினாள்.

"ரேலீன், கூம்பைப் பார்க்காதீங்க" என்றாள் கெல்சி. "எதைப் பார்க்கறீங்களோ அங்கதான் வண்டி போகும். போக வேண்டிய இடத்தைப் பாருங்க."

"பத்தொன்பது வருஷமா நான் கூம்பை மட்டும்தான் பார்த்துட்டு இருக்கேன், பொண்ணே."

முதல் தடவை தோற்றாள். குறுகிய வளைவில் காலை ஊன்றிவிட்டாள். கூடத் தேர்வுக்கு வந்த பதினேழு வயதுப் பையன்கள் நாலு பேர் தேறினார்கள், அவளுக்குக் கை கொடுத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி போய்த் தேறினாள். மஞ்சள் நிறத்தில் கறுப்பு எல் எழுதிய பலகை கைக்கு வந்தது. இனி வண்டி வேண்டும்.

ஊரில் எதுவும் மூன்று நாளைக்குமேல் ரகசியமாக இருக்காது. மெரியானா இரும்புக்கடைக்கு வந்து, "நீ வண்டி தேடறேன்னு கேள்விப்பட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னாள். எதற்கென்று ரேலீனுக்குப் புரிந்துவிட்டது. "நீயும் வா. தனியாப் போக முடியாது" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை மாதம், உறைபனி. மெரியானா வீட்டு ஷெட்டில் நீல வண்டி ஒரு பழைய போர்வைக்கடியில் நின்றது. போர்வையை எடுத்தாள். தூசி இல்லை. வாரந்தோறும் துடைக்கிறாள் போலிருக்கிறது. பேட்டரிகூடச் சாகாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியைத் திருப்பினாள், இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது.

"உட்காரு" என்றாள்.

ரேலீன் உட்கார்ந்தாள். இரண்டு காலும் தரையில் பதிந்தன. அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. அதைப் பார்த்து மெரியானாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"வித்துடுன்னு எல்லாரும் சொல்றாங்க. எவன் எவனோ வந்து பார்த்தான். மனசு வரல. உனக்குன்னா கொடுக்கலாம். நீ ஒண்ணும் தர வேண்டாம். அவன் கடைசி வார்த்தையை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவ நீ. அவனும் இதைத்தான் சொல்லியிருப்பான்."

ரேலீன் கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். பிறகு இறங்கினாள்.

"மெரியானா, என்னால இதை வாங்கிக்க முடியாது."

"ஏன்?"

"அவன் உன்னைக் கேட்கல."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் மெரியானாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன?" என்றாள். ரேலீன் இன்னொரு முறை, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"அவன் அம்மா எங்கன்னு கேட்கல. பைக்குக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டான். ஒண்ணும் ஆகலன்னு நான் சொன்னேன். அப்பாடான்னான். அவ்வளவுதான். மத்தது நான் சொன்ன பொய்."

மெரியானா என் பக்கம் திரும்பினாள். "நீயும் கேட்டியா?"

"ஆமா" என்றேன்.

"ரெண்டு பேரும். மராய்ல உட்கார்ந்து நான் பேசினதையும் கேட்டீங்க."

அவள் குனிந்து சாவியைத் திருப்பி அணைத்தாள். போர்வையை எடுத்து, மூலைகளை இழுத்துச் சரிசெய்து, வண்டியை மூடினாள். "போங்க" என்றாள். கத்தியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு மெரியானா இரும்புக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு ஆணி வாங்கவேண்டுமென்றாலும் இருபத்தைந்து கிலோமீட்டர் போய் வாங்கினாள். மருந்துக்கு என்னிடம் வந்தாள், வேறு வழியில்லை, ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். உண்மையை அவள் யாருக்கும் சொல்லவும் இல்லை. ஊரில் பழைய வாக்கியமே நடமாடிக்கொண்டிருந்தது. ரேலீனுக்கு அதுதான் பெரிய தண்டனை.

"வண்டி ஆசையை விட்டுடு" என்று நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"இப்ப விட்டா, அந்தம்மாகிட்டருந்து பொய்யையும் பிடுங்கிட்டு, உண்மையையும் பாதியில போட்டுட்டு வந்தவளா ஆயிடுவேன்" என்றாள்.

ஆகஸ்டில் இன்வர்கார்கிலில் ஒரு வண்டிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெயர் லாக்லன். அவளைப் பார்த்ததுமே, தாழ்ந்த இருக்கையும் அகன்ற கைப்பிடியும் தோல் ஜாலரும் உள்ள ஒரு பெரிய வண்டியிடம் கூட்டிப்போனார்.

"உங்க வயசுக்கு இதுதான் வசதி. சோபா மாதிரி. முதுகு வலிக்காது. பழகுநருக்கு அனுமதி உண்டு."

அவள் உட்கார்ந்து பார்த்தாள். "இதுல உட்கார்ந்தா வானம்தான் தெரியுது. அது என்ன?"

அது முந்நூறு சிசி, சிவப்பு. முன்பக்கம் குறுகிக் கூர்மையானது. கைப்பிடி தாழ்வு, ஓட்டுகிறவர் முன்னால் சாய்ந்தே ஆகவேண்டும். ராவிரியின் வண்டிக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம்.

"அது பசங்க வண்டிங்க" என்றார் லாக்லன். "மணிக்கட்டு வலிக்கும். முதல் வண்டியை எல்லாரும் ஒரு தடவையாவது கீழ போடுவாங்க. இதுல சுத்திலும் பிளாஸ்டிக் மூடி. ஒரு தடவை விழுந்தா ஒரு மூடி போச்சு."

"பிரேக்கை அழுத்தினா சக்கரம் பூட்டிக்குமா?"

"பூட்டாது. அதைத் தடுக்கற வசதி இருக்கு."

"சரி. ரெண்டு வண்டியையும் கீழ படுக்க வைங்க."

லாக்லன் என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை.

"விழும்னு நீங்களே சொல்றீங்க. விழுந்தா நான்தான் தூக்கணும். எங்க ரோட்டுல அரை மணிக்கு ஒரு வண்டிதான் வரும். என்னால தனியாத் தூக்கி நிறுத்த முடியாத வண்டி எனக்கு வேண்டாம்."

புது வண்டியை எந்தக் கடைக்காரர் தரையில் படுக்க வைப்பார்? கடைசியில் பின்புறம் இருந்த இரண்டு பழைய வண்டிகளைக் கொண்டுவந்து, பழைய மெத்தையை விரித்து, அதன்மேல் சாய்த்தார்கள். இவையும் அதே இரண்டு வகைதான். மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ரேலீன் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள், ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் இருக்கைக்குக் கீழேயும் பிடித்தாள், காலை அழுத்திப் பின்னாலேயே நடந்தாள். நூற்றிருபது கிலோ ஆட்களை வயலிலிருந்து தூக்கிப் பழகியவள். இருந்தாலும் சோபா வண்டி முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றாள், அதற்குமேல் வரவில்லை. சின்ன வண்டி முதல் முயற்சியிலேயே எழுந்து நின்றது. மெக்கானிக் ஒருவன் கை தட்டினான்.

"இதையே கொடுங்க" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "புதுசு வேண்டாம். இப்ப நான் தூக்கினேனே, அதையே கொடுங்க."

இடது பக்கம் நீளமாக ஒரு கீறல் இருந்த வண்டி. மூடியை மாற்றித் தருகிறேன் என்றார் லாக்லன். அவள் வேண்டாமென்றாள்.

வசந்தம் முழுக்க அவள் ஓட்டினாள். முதலில் ஊருக்குள், பிறகு கடற்கரைச் சாலையில். இரண்டாவது வாரமே தன் வீட்டு வாசல் சரளையில் விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். கிரேம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இறங்கி வரவில்லை. அவள் தனியாக வண்டியை நிமிர்த்தி நிறுத்தியபிறகு வெளியே வந்து, "கூடை வச்சது வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சுளுக்குக்கு ஐஸ் கட்டி எடுத்து வந்தார். மறுநாள் ஒரு லாரி மண்ணெடுத்து வந்து அந்தச் சரளையை மூடிக் கெட்டியாக்கினார்.

நவம்பரில் ஒருநாள் நான் கேட்டேன். "அதுல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சியா?"

"இடுப்புல கருவி மாட்டின நாள்லயிருந்து என் மண்டைக்குள்ள கூட்டம். செத்தவங்க, சாகாதவங்க, சொந்தக்காரங்க. கடையில ஆணி எண்ணும்போதும் அவங்கதான். வண்டியில ஏறினா அவங்களுக்கு இடம் இல்ல. வளைவு வருது, கியர் மாத்தணும், ஈரம் இருக்கு, ஆடு நிக்குது. அவ்வளவுதான் இருக்கு. இறங்கினா திரும்ப வந்துடறாங்க. ஆனா ஒரு மணி நேரம் வெளியில நிக்கறாங்க."

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, மெரியானா ரேலீன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் அன்று சங்கிலிக்கு எண்ணெய் போட உதவிக்கொண்டிருந்தேன். மெரியானா உள்ளே வரவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் நின்றே பேசினாள்.

"நீ செஞ்சது சரின்னு சொல்ல வரல."

"இல்ல" என்றாள் ரேலீன்.

"அஞ்சு மாசம் அந்தப் பொய்யைத் தின்னுதான் நான் உயிரோட இருந்தேன். அப்புறம் அதையும் பிடுங்கிட்ட. உன்னைக் கொல்லணும் போல இருந்துச்சு. பெத்து வளர்த்தவளை விட்டுட்டு, எவனோடவோ பைக்கைக் கேட்டிருக்கானேன்னு அவன்மேலயும் கோவம். கல்லறைக்குப் போய்த் திட்டினேன்." எண்ணெய்க் கையைத் துடைக்கக்கூட ரேலீனுக்குத் தோன்றவில்லை. "போன வாரம் ஆலையில மீன் வெட்டிட்டு இருக்கேன். திடீர்னு தோணுச்சு. அம்மா எங்கன்னு கேட்டிருந்தா, அவன் பயந்திருக்கான்னு அர்த்தம். சாகப்போறோம்னு தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்த அஞ்சு மாசமும் நான் ராத்திரியெல்லாம் பார்த்த முகம் அதுதான், பயந்த முகம். ஆனா பைக்கைக் கேட்டவனுக்கு ஒண்ணும் தெரியல. கூட்டாளிகிட்ட என்ன சொல்றதுன்னு மட்டும்தான் அவன் கவலை. அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றாள் ரேலீன். "அவன் பயப்படல, மெரியானா. அது சத்தியம். நான் அவன் கண்ணைப் பார்த்துட்டு இருந்தேன்."

"அப்பாடான்னு சொன்னானா?"

"சொன்னான்."

மெரியானா வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரேலீன் போய் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். மெரியானா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிவப்பு வண்டியைப் பார்த்தாள்.

"என்னை ஒரு தடவை இதுல கூட்டிட்டுப் போ. அவன் கூப்பிடும்போதெல்லாம் வேலை இருக்குன்னு சொல்லிட்டேன்."

ரேலீன் மஞ்சள் பலகையைக் காட்டினாள். "பழகுநர் பின்னால ஆளை ஏத்தக்கூடாது. அவனும் ஏத்தியிருக்கக்கூடாது."

"எப்ப ஏத்தலாம்?"

"முழு உரிமம் வரணும். ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்."

"சரி. காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு மெரியானா நடந்து போனாள்.

காத்திருந்தாள். இடையில் இரும்புக்கடைக்கு மறுபடி வர ஆரம்பித்தாள். "எந்தப் பரீட்சைல இருக்க இப்ப?" என்று கேட்பாள். நீல வண்டியை மாட்டுப்பண்ணையில் வேலை பார்க்கும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு விற்றாள். அந்தப் பெண்ணிடம், "இதை மட்டும்தான் ஓட்டணும், அடுத்தவங்க வண்டியைத் தொடக்கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தாள். அந்த வருடம் பறவைத் தீவுக்கும் போய்வந்தாள்.

அதற்கடுத்த மார்ச்சில் ரேலீனுக்கு முழு உரிமம் வந்தது. ஒரு ஞாயிறு காலை மெரியானா கெல்சியிடம் இரவல் வாங்கிய தோல் சட்டையில் வந்து நின்றாள். வண்டியின் பின்னிருக்கையைப் பார்த்தாள்.

"இது என்ன, உட்காரவா, சோப்பு வைக்கவா?"

"சின்ன வண்டில அவ்வளவுதான். இறுக்கிப் பிடிச்சுக்கோ. நான் சாயற பக்கமே நீயும் சாயணும். எதிர்ப்பக்கம் சாய்ஞ்சா ரெண்டு பேரும் கடல்ல."

மேற்கே ஒரேபுகி பக்கம் போனார்கள். நானும் கிரேமும் காரில் பின்தொடர்ந்தோம். கிரேம் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை, கதவுக் கைப்பிடியை விடவும் இல்லை. முதல் சில வளைவுகளில் மெரியானா விறைத்து நிமிர்ந்தே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் உடம்பு ரேலீனோடு சேர்ந்து சாய்வதைக் காரிலிருந்தே பார்க்க முடிந்தது.

கடலைப் பார்க்கும் மேட்டில் நிறுத்தினார்கள். மெரியானா இறங்கினாள். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் அலையைப் பார்த்தபடி நின்றாள்.

"பயமா இருந்துச்சு" என்றாள் மெரியானா கடைசியில். "நல்லாவும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணா இருக்கும்னு எனக்குத் தெரியாது." பிறகு இடுப்பைத் தேய்த்துக்கொண்டாள். "திரும்ப நான் கார்லதான் வருவேன். ஒரு தடவை போதும்."

கிரேம் வாங்கி வந்த சீஸ் ரோல் ஆறிப் போயிருந்தது. காற்றுக்குக் காரின் மறைவில் நின்று நாலு பேரும் அதைத் தின்றோம். மெரியானா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். ரேலீன் முன்னால் கிளம்பினாள். நாங்கள் நூறு அடி விட்டுப் பின்னால் போனோம்.

"மெதுவாத்தான் போறா" என்றாள் மெரியானா.

"ஆமா" என்றார் கிரேம். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை.